கடல் தாண்டி வரும் கத்தி: சிங்கப்பூரில் தருவிப்போருக்கும் அனுப்புவோருக்கும் ஒரு வழிகாட்டி

ஜப்பானிலிருந்து நான் முதன்முதலாகத் தருவித்த சமையலறைக் கத்தி இரண்டே நாளில் சாங்கி விமான நிலையத்துக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து என் வீட்டு வாசலுக்கு வர மேலும் பதினொரு நாள் பிடித்தது. கத்தியில் எந்தக் குறையும் இல்லை. பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சுங்கப் படிவத்தில் விற்றவர் “உலோகப் பொருள்” என்று மட்டும் எழுதியிருந்தார். விலை எழுதும் கட்டத்தில் யென் தொகையின் பாதி மழைநீர் பட்டு அழிந்திருந்தது. ஊடுகதிர்த் திரையில் நீண்ட அலகு ஒன்று தெளிவாகத் தெரியும்போது தாளில் உலோகப் பொருள் என்று இருந்தால், அதைப் பார்க்கும் அதிகாரி நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்பதே முறை. ரசீது, கத்தியின் படம், எதற்காக வாங்கினேன் என்ற விளக்கம் என்று ஒவ்வொன்றாக மின்னஞ்சலில் அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நாள் காத்திருந்து, கடைசியில் அதைப் பெற்றுக்கொண்டேன்.

அதன்பின் நண்பர்களுக்காகவும் உறவினர்களுக்காகவும் பல கத்திகளைத் தருவித்திருக்கிறேன், இங்கிருந்து வெளிநாடுகளுக்கு அனுப்பியும் இருக்கிறேன். சுங்கத்தில் இருப்பவர் கத்தியைப் பார்ப்பதற்கு முன் அதைப் பற்றிய தாளைப் படிக்கிறார் என்பதும், அது என்ன, எதனால் ஆனது, என்ன விலை என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்தத் தாளிலேயே விடை இருந்துவிட்டால் பெரும்பாலும் பொட்டலத்தைப் பிரிக்கவேண்டிய தேவையே எழுவதில்லை என்பதும்தான் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகத் தெரிந்தவை. கீழே வரும் படிகள் எல்லாம் அந்தத் தாளைச் சரியாக அமைப்பதற்கானவை. புதிதாகத் தொடங்குவோர் இவற்றை வரிசையாகவே செய்வது நல்லது. ஏனெனில் பணம் கட்டிய பிறகு திருத்த முடியாத பிழைகள் முதல் இரண்டு படிகளில்தான் இருக்கின்றன.

முதலில், அது எந்த வகைக் கத்தி என்று பாருங்கள்

காய் நறுக்கும் கத்தி, மீன் வெட்டும் கத்தி, ரொட்டிக் கத்தி, சிறு பழக்கத்தி போன்ற சமையலறைக் கத்திகளைச் சிங்கப்பூருக்குத் தருவிப்பது வழக்கமான வணிகம். ஜப்பானிய வகைகளான கியூட்டோ, சாந்தோக்கு, நகிரி, டெபா, யானகிபா எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. சிக்கல் வருவது வேறு வகைகளில்: பொத்தானை அழுத்தினால் அலகு வெளியே பாயும் விசைக்கத்தி, இரண்டாகப் பிளந்த கைப்பிடிக்குள் அலகு மறைந்திருக்கும் பட்டாம்பூச்சிக் கத்தி, இருபுறமும் கூர் வைத்த குத்துவாள், வாள், பேனாவுக்குள்ளோ இடுப்புவார்ப் பூட்டுக்குள்ளோ ஒளித்து வைக்கப்பட்ட அலகு. இவை ஆயுதம் என்ற கண்ணோட்டத்தில் பார்க்கப்படுபவை. 2021-ல் நிறைவேற்றப்பட்ட துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் 2025 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய ஆயுதங்கள், வெடிபொருள்கள் சட்டத்தின் இடத்துக்கு வந்த இச்சட்டத்தின் கீழ் உரிமம் வழங்குவதைச் சிங்கப்பூர்க் காவல்துறையின் உரிம, ஒழுங்குமுறைப் பிரிவு பார்த்துக்கொள்கிறது.

நம்மவர்களிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி அரிவாளைப் பற்றியது. தேங்காய்த் துருவியோடு சேர்ந்த அரிவாள்மனையை ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்று அக்காமார் கேட்பார்கள். குலதெய்வத்துக்கு வைத்துக் கும்பிடத் திருப்பாச்சேத்தியில் அடித்த வீச்சரிவாளைக் கொண்டுவரலாமா என்று அண்ணன்மார் கேட்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. அரிவாள்மனை பலகையில் பொருத்திய சமையல் கருவி. தேக்காவைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளிலேயே அது கிடைக்கும்போது ஊரிலிருந்து சுமந்து வருவதற்கு ஆசையைத் தவிர வேறு காரணம் தேவையில்லை. வீச்சரிவாளின் நிலை வேறு. பூசைக்காக என்பது உங்கள் மனத்தில் இருக்கும் நோக்கம்; சோதனையில் தெரிவது ஒன்றரை முழ இரும்பும் அதன் வளைவும். ஆகவே, அலகின் நீளம், மொத்த நீளம், ஒரு பக்கம் கூரா இரு பக்கமும் கூரா, முனை எப்படி முடிகிறது என்பவற்றை அளவுகோல் வைத்து எடுத்த படத்தோடு காவல்துறையின் அந்தப் பிரிவுக்கு எழுதி, எழுத்தில் பதில் வந்த பிறகே பட்டறையில் முன்பணம் கொடுங்கள். வாய்மொழியாக யாரோ “பரவாயில்லை, கொண்டுவரலாம்” என்று சொன்னது சோதனைச் சாவடியில் செல்லாது.

இதையொட்டி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி நாட்டுக்குள் வந்த சமையலறைக் கத்தியாக இருந்தாலும், சட்டப்பூர்வமான நோக்கம் எதுவும் இல்லாமல் பொது இடத்தில் அதை வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றமாகலாம். புதுக் கத்தியைக் கடையிலிருந்தோ அஞ்சலகத்திலிருந்தோ எடுத்துக்கொண்டு பெருவிரைவு ரயிலில் வரும்போது, பெட்டியைப் பிரிக்காமல், ரசீதை அதனுடன் வைத்து, பையின் அடியில் போட்டு, நேராக வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஆவல் தாங்காமல் வண்டியில் உட்கார்ந்து உறையிலிருந்து உருவிப் பார்க்கவே கூடாது.

கைப்பிடியையும் உறையையும் மறந்துவிடாதீர்கள்

அலகை மட்டும் பார்த்து வாங்குவோர் சறுக்கும் இடம் இது. எஃகைச் சுங்கம் பெரிதாகக் கேள்வி கேட்பதில்லை. தந்தம், கொம்பு, அரியவகை மரம், முதலைத்தோல் ஆகியவை கைப்பிடியிலோ உறையிலோ இருந்தால் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்பாடு குறுக்கே வருகிறது. இங்கே அதற்கான அனுமதிகளைத் தேசியப் பூங்காக் கழகம் வழங்குகிறது. தந்தப் பிடி வைத்த பழைய கத்தியை ஏலத்தில் பார்த்து மயங்கிவிடாதீர்கள்; யானைத் தந்தத்தை விற்பதையும் சிங்கப்பூர் 2021 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது.

ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட் என்று கடைக்காரர்கள் சொல்லும் டால்பெர்ஜியா இனம், 2017 ஜனவரி 2 முதல் முழுவதுமாக அந்த உடன்பாட்டின் பட்டியலில் இருக்கிறது. 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அந்த மரத்தாலான முடிவுற்ற பொருள்கள் ஓர் அனுப்புகையில் 10 கிலோவுக்குள் இருந்தால் பெரும்பாலான வகைகளுக்கு விலக்கு உண்டு. ஒரு கத்திப்பிடியில் இருக்கும் மரம் நூறு கிராம்கூட வராது. ஆனால் பிரேசிலின் டால்பெர்ஜியா நைக்ரா இந்த விலக்குக்குள் வராது. அது 1992-லிருந்தே மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. எனவே விற்பவரிடம் “ரோஸ்வுட்” என்ற சொல்லோடு நின்றுவிடாமல் எந்த நாட்டு மரம், எந்த வகை என்று கேட்டு அதை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். ஜப்பானியக் கத்திகளில் மக்னோலியா மரப் பிடியின் கழுத்தில் கறுப்பு வளையமாக இருப்பது பெரும்பாலும் எருமைக்கொம்பு. அது வளர்ப்பு எருமையின் கொம்பு என்று ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் கேள்வி வரும்போது கைகொடுக்கும்.

வாங்குமுன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

சாக்காய், செக்கி, சான்ஜோ, எச்சிசென் போன்ற ஜப்பானியக் கத்தி ஊர்களில் சிறு பட்டறைகளும் குடும்பக் கடைகளும் பல. கொல்லர் வேலையில் கைதேர்ந்தவர்கள் படிவம் நிரப்புவதிலும் அப்படியே இருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் பணம் செலுத்துவதற்கு முன்பே, மரியாதையாக, சுருக்கமாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அஞ்சல் வழியா கூரியர் வழியா, அந்த நிறுவனம் கத்தியை ஏற்குமா, காப்பீடு உண்டா, படிவத்தில் பொருளின் பெயர் எப்படி எழுதப்படும், ரசீது பெட்டிக்கு வெளியே பையில் ஒட்டப்படுமா என்று கேளுங்கள். சில கூரியர் நிறுவனங்கள் கத்தி என்ற சொல்லைப் பார்த்தாலே மறுத்துவிடும், சில ஏற்கும். அது அந்நிறுவனத்தின் விதி, நாட்டின் சட்டம் அல்ல. மறுப்பு வருமானால் பொட்டலம் கிளம்புவதற்கு முன்பே வந்துவிடுவது நல்லது.

பொருளின் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுவதே சிறந்த வழி. “நிலையான அலகுள்ள சமையலறைக் கத்தி, வீட்டு உபயோகம், கார்பன் எஃகு, அலகு நீளம் 210 மில்லிமீட்டர், மரப்பிடி, எண்ணிக்கை 1, ஜப்பானில் தயாரிக்கப்பட்டது” என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரே வரி போதும். இந்த ஒரு வரியில், அது ஆயுதம் அல்ல, மடக்கும் விசை இல்லை, எங்கே செய்தது, எத்தனை என்ற எல்லாம் அடங்கிவிடுகின்றன. “கருவி”, “பரிசு”, “உலோகப் பொருள்”, “கைவினை” என்ற பொத்தாம்பொதுவான சொற்கள் வேண்டாம். ஏலத்தளங்களில் சிலர் சாதாரணக் கத்தியைக்கூடப் போர்க்கத்தி, வேட்டைக் குத்துவாள் என்று ஆரவாரமாகத் தலைப்பிட்டிருப்பார்கள்; அந்தத் தலைப்பு அப்படியே ரசீதில் அச்சாகிவிட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். அதை மாற்றித் தரச் சொல்லுங்கள், ஆனால் உண்மையாக அது குத்துவாளாக இருந்தால் சமையலறைக் கத்தி என்று மாற்றி எழுதச் சொல்லாதீர்கள்.

அடுத்தது எச்எஸ் குறியீடு, அதாவது சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண். உலகச் சுங்க அமைப்பின் பட்டியலில் உலக நாடுகளுக்குப் பொதுவான முதல் ஆறு இலக்கங்கள் உண்டு. சிங்கப்பூர் அதை எட்டு இலக்கமாக நீட்டிப் பயன்படுத்துகிறது. கத்திகளின் தலைப்பு 8211. அதற்குள் மேசைக் கத்தி 8211.91, நிலையான அலகுள்ள மற்றக் கத்திகள் 8211.92, மடக்குக் கத்தி 8211.93, பலவகைத் தொகுப்பு 8211.10 என்று பிரியும். நம் சமையலறைக் கத்திகளில் பெரும்பாலானவை 8211.92-க்குள் வந்துவிடும். இறைச்சி வெட்டும் கனத்த வெட்டுக்கத்தி 8214.90-ல் இருக்கிறது; வாள் 9307-ல் இருக்கிறது. கையால் தீட்டும் சாணைக்கல்லைக் கூடவே வாங்கினால் அதற்கு 6804.30 என்று தனி வரி வேண்டும். குறியீட்டைப் படிவத்தில் எழுதுவது ஒரு நிமிட வேலை. அது சரியாக இருந்தால் மறுமுனையில் இருப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை.

வரிக் கணக்கு

சிங்கப்பூரில் கத்திக்குச் சுங்கத் தீர்வை இல்லை. மது, புகையிலை, மோட்டார் வாகனம், பெட்ரோலியப் பொருள்கள் ஆகியவற்றுக்கே தீர்வை. கத்திக்கு உண்டானது பொருள், சேவை வரி மட்டுமே. 2024 ஜனவரி 1 முதல் அது 9 விழுக்காடு.

ஆகாய வழியாகவோ அஞ்சல் வழியாகவோ வரும் பொருளின் மொத்த மதிப்பு 400 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் எல்லையில் இந்த வரி வசூலிக்கப்படுவதில்லை. புதியவர்கள் தவறுவது மொத்த மதிப்பு என்ற சொல்லில்தான். பொருளின் விலை, காப்பீடு, அனுப்பும் செலவு மூன்றையும் கூட்டியதே அந்த மதிப்பு. கத்தி 380 வெள்ளி, அனுப்பும் செலவு 35 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 415 வெள்ளி. வரம்பைத் தாண்டிவிட்டது. தாண்டிய 15 வெள்ளிக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முழு 415 வெள்ளிக்கும் 9 விழுக்காடு, அதாவது 37 வெள்ளி 35 காசு. இதே கத்திக்கு மெதுவான அஞ்சல் வழியைத் தேர்ந்து அனுப்பும் செலவு 18 வெள்ளியாக இருந்தால் மொத்தம் 398 வெள்ளி. எல்லையில் வரி இல்லை. அவசரம் இல்லாதவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது வீண்போகாது. வெளிநாட்டு நாணயத்தை வெள்ளியாக மாற்றுவதற்குச் சுங்கத்துறை வாரந்தோறும் மாற்று விகிதத்தை வெளியிடுகிறது. வரம்பை ஒட்டி வாங்குபவர்கள் அந்த விகிதத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

வரம்புக்குக் கீழே இருந்தால் வரியே இல்லை என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். 2023 ஜனவரி 1 முதல், சிங்கப்பூரில் வரிக்குப் பதிவு செய்துகொண்ட வெளிநாட்டு விற்பனையாளர்களும் பெரிய இணையச் சந்தைகளும் 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள்களுக்கும் விற்கும்போதே வரியைச் சேர்த்து வாங்கிவிடுகின்றன. ஒரு சிறிய பட்டறை அப்படிப் பதிவு செய்திருக்காது. பெரிய சந்தை செய்திருக்கும். சந்தையில் வரி கட்டிய பொருள், அனுப்பும் செலவைக் கூட்டியதால் எல்லையில் 400-ஐத் தாண்டி மீண்டும் வரி கேட்கப்படுமானால், ஏற்கெனவே கட்டிய வரித்தொகையும் விற்பனையாளரின் பதிவெண்ணும் உள்ள ரசீதைக் காட்டுங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு முறை கட்ட வேண்டியதில்லை. அந்தப் பதிவெண் பொட்டலத்தின் தாள்களில் இருக்கிறதா என்று அனுப்பும் முன்பே கேட்டுக்கொண்டால் இந்த அலைச்சலும் மிச்சம்.

ஜப்பானில் வாங்குவோர் இன்னொரு தொகையையும் கவனியுங்கள். அங்கே நுகர்வு வரி 10 விழுக்காடு; ஏற்றுமதிக்கு அது கிடையாது. நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் கடை அதைக் கழித்த விலையைத்தான் சொல்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் மனம் நோகாமல் பதில் சொல்வார்கள்.

இனி, விலையைக் குறைத்து எழுதச் சொல்வது பற்றி. “பரிசு என்று எழுதி இருபது வெள்ளி போடச் சொல்லுங்கள்” என்ற அறிவுரை நம் ஆட்களிடையே வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பரிசு என்று எழுதுவதால் வரி போவதில்லை. உண்மை விலையை மறைத்து வரி ஏய்த்தால், ஏய்த்த வரியைப்போல் 20 மடங்கு வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். வேலை அனுமதியில் இருக்கும் ஒரு தம்பிக்கு 37 வெள்ளியை மிச்சம் பிடிப்பதற்காக அப்படி ஒரு வழக்கு வருமானால் அவனுடைய வேலையே கேள்விக்குள்ளாகும். அதோடு, இருபது வெள்ளி என்று எழுதிய பொட்டலம் வழியில் தொலைந்தாலோ அலகு உடைந்து வந்தாலோ இழப்பீடும் இருபது வெள்ளிக்குத்தான்.

பொட்டலம் நின்றுவிட்டால்

கண்காணிப்பு எண்ணில் சுங்கத்தில் இருக்கிறது என்று காட்டினால் முதல் இரண்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். கேள்வி வந்தால், கேட்கப்பட்டதற்கு மட்டும், ஒரே மின்னஞ்சலில், முழுமையாகப் பதில் அனுப்புங்கள். ரசீது, பணம் கட்டியதற்கான சான்று, விற்பனைப் பக்கத்தின் படம், அளவுகோலோடு கத்தியின் படம், கைப்பிடி என்ன மரம் என்ற குறிப்பு, எதற்குப் பயன்படுத்துவீர்கள் என்று இரண்டு வரி ஆகியவை ஒரே பிடிஎஃப் கோப்பில் இருக்கட்டும். என் முதல் கத்தி பதினொரு நாள் கிடந்ததற்கு நான் ஒவ்வொரு தாளாக அனுப்பியதும் ஒரு காரணம். இப்போது கத்தி வாங்கிய அன்றே அந்தக் கோப்பைத் தயார் செய்துவிடுகிறேன்.

கூரியர் வழியாக வந்தால், அந்த நிறுவனமே உங்கள் சார்பில் இறக்குமதி அனுமதி எடுத்து, வரியை முன்கூட்டிக் கட்டி, பிறகு உங்களிடம் வாங்கும். அதற்குத் தனிக் கட்டணமும் சேர்க்கும். அந்தக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிறிய தொகைக்குச் சிலசமயம் வரியையே விஞ்சிவிடும். விலைப்பட்டியலை முன்பே பார்த்துவிடுங்கள்.

இந்தக் காத்திருப்பு நாள்களில்தான் மோசடிக் குறுஞ்செய்தியும் வரும். “உங்கள் பொட்டலம் நிற்கிறது, இரண்டு வெள்ளி கட்டினால் விடுவிக்கிறோம்” என்று ஒரு இணைப்போடு வருவதை, உண்மையாகவே பொட்டலத்துக்குக் காத்திருக்கும் ஒருவர் நம்பிவிடுவது மிக எளிது. அந்த இணைப்பைத் தொடாதீர்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து, கண்காணிப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799-க்கு அழைத்துக் கேட்கலாம்.

இங்கிருந்து அனுப்பும்போது கட்டும் முறை

படிவம் எவ்வளவு சரியாக இருந்தாலும், அட்டையைக் கிழித்துக்கொண்டு முனை வெளியே வந்து ஒரு தொழிலாளியின் விரலைக் கிழித்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது. கத்தி பெட்டிக்குள் முன்னும் பின்னும் நகர்வதுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம். பெட்டி ஒருமுறை தலைகுப்புற விழுந்தால் கத்தியின் முழு எடையும் முனையில் இறங்கும். முனை அட்டையைத் துளைக்கும், அல்லது முனையே ஒடிந்துவிடும்.

நான் கட்டுவது இப்படி. முதலில் அலகைத் துடைத்து, உணவுத் தரக் கனிம எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவேன். தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாளாக ஆக அது சிக்குப்பிடிக்கும். பிறகு இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையை அலகைவிட மூன்று விரற்கடை நீளமாக வெட்டி, நீளவாக்கில் மடித்து, மடிப்பின் உள்பக்கம் கூர்ப்பகுதி படும்படி அலகை அதற்குள் வைப்பேன். முனைக்கு முன்னால் இருக்கும் அந்த மூன்று விரற்கடை இடத்தில் ஒரு தக்கைத் துண்டை வைத்து முனையை அதில் லேசாகப் பதிய வைத்து, அட்டையைச் சுற்றி ஒட்டுநாடாவை இறுக்கிச் சுற்றுவேன். நாடா அலகில் ஒட்டக் கூடாது. கைப்பிடியின் கழுத்திலும் ஒரு சுற்றுப் போட்டு, அட்டை உறை கைப்பிடியோடு பிணைந்துவிட்டதா என்று தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்ப்பேன். அசையக் கூடாது. அதன்மேல் குமிழித்தாள், அதன்மேல் கெட்டியான பெட்டி. செய்தித்தாளை அலகில் சுற்றாதீர்கள். இந்த ஊர்க் காற்றில் அது ஈரத்தை உறிஞ்சி எஃகின்மேலேயே வைத்திருக்கும். கார்பன் எஃகு ஒரு வாரத்தில் ஆரஞ்சுப் புள்ளி வைத்துவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போடுவது நல்லது.

பெட்டி அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கவும் கூடாது. கூரியர் நிறுவனங்கள் உண்மை எடையையும், நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்துவரும் கன அளவு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குவது வழக்கம். 40, 15, 8 என்ற பெட்டிக்கு அது 0.96 கிலோ, உள்ளே இருக்கும் கத்தி இருநூறு கிராம்தான் என்றாலும் ஒரு கிலோவுக்குக் கட்டுவீர்கள்.

அஞ்சலில் அனுப்பினால், மதிப்பு 300 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு) வரை சிஎன் 22, அதற்கு மேல் சிஎன் 23 என்ற சுங்கப் படிவம். இப்போது இந்த விவரங்களை முன்கூட்டியே மின்னியல் முறையிலும் தர வேண்டியிருக்கிறது. ரசீதின் ஒரு பிரதி பெட்டிக்கு உள்ளேயும், ஒன்று வெளியே ஒட்டிய ஒளிபுகும் பையிலும் இருக்கட்டும்.

போய்ச் சேரும் நாடு

அனுப்பும் நாட்டின் விதியைவிடப் பெறும் நாட்டின் விதியே கத்தியின் கதியைத் தீர்மானிக்கிறது. இந்தியாவுக்கு அனுப்புவோர் முதலில் அறிய வேண்டியது: 2019 டிசம்பர் 12 முதல், அஞ்சலிலோ கூரியரிலோ வரும் பொருளைப் பரிசு என்று காட்டி வரியில்லாமல் எடுப்பதற்கு அனுமதி இல்லை, ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் மட்டும் விலக்கு. முழு வரி கட்டினால் பரிசை எடுக்கலாம். அம்மாவுக்கு நல்ல கத்தி ஒன்று அனுப்ப நினைப்பவர்கள் அந்த வரியை அம்மாவிடம் கேட்பார்கள் என்பதையும், பெறுபவரின் அடையாள ஆவணத்தைக் கூரியர் கேட்கும் என்பதையும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது நீங்களே கொண்டுபோவது பெரும்பாலும் எளிது.

மலேசியாவில், 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் வாங்கி வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கும் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. ஆஸ்திரேலியா விசைக்கத்தி, பட்டாம்பூச்சிக் கத்தி, குத்துவாள் ஆகியவற்றைக் காவல்துறை அனுமதி இல்லாமல் உள்ளே விடாது. மரப்பிடி, கொம்பு போன்றவற்றை உயிரியல் பாதுகாப்புக் காரணத்துக்காகவும் கூர்ந்து பார்ப்பார்கள், ஆகவே மரப்பட்டை ஒட்டியிருக்கும் பிடியை அனுப்ப வேண்டாம். பிரிட்டனில் வீட்டு முகவரிக்கு வரும் கத்திக்குப் பெறுபவர் பதினெட்டு வயதைத் தாண்டியவரா என்று சரிபார்க்கும் கடப்பாடு வந்திருக்கிறது; 2024 செப்டம்பர் 24 முதல் ‘ஜோம்பி’ எனப்படும் நடைப்பிணப் படப் பாணிக் கத்திகளும், 2025 ஆகஸ்ட் 1 முதல் நிஞ்சா வாள்களும் அங்கே தடைசெய்யப்பட்டுள்ளன. அமெரிக்காவில் 800 டாலர் வரை வரியில்லாமல் வந்த சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அங்கே வரி பொருள் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஜப்பானில் செய்த கத்தி சிங்கப்பூரிலிருந்து போனாலும் ஜப்பானியப் பொருள்தான். படிவத்தில் தயாரிப்பு நாடு என்ற கட்டத்தில் சிங்கப்பூர் என்று எழுதிவிடாதீர்கள்.

கையோடு கொண்டு வருவது

விமானத்தில் கத்தி எப்போதும் ஒப்படைக்கும் பெட்டியில்தான் போக வேண்டும். கைப்பையில் மறந்து வைத்துவிட்டால் பாதுகாப்புச் சோதனையிலேயே பறிபோகும். மேலே சொன்ன அட்டை உறையைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள், பெட்டியைத் திறந்து பார்க்கும் ஊழியரின் கை அதில்தான் முதலில் படும்.

பயணிகளுக்கு வேறு வரம்பு. நாட்டுக்கு வெளியே 48 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தால் 500 வெள்ளி வரை, அதற்குக் குறைவாக இருந்தால் 100 வெள்ளி வரை பொருள், சேவை வரியிலிருந்து விலக்கு. உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாகக் காலையில் மலேசியாவுக்குப் போய் மாலையில் திரும்புவோருக்கு 100 வெள்ளிதான். இந்தச் சலுகை வேலை அனுமதி, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ், நீண்டகாலப் பாஸ் வைத்திருப்போருக்கு இல்லை என்பதைப் பலர் அறியாமல், அறிவிக்க எதுவும் இல்லாதோருக்கான பச்சை வழியில் நடந்துவிடுகிறார்கள். அவர்கள் சிவப்பு வழியில் சென்று அறிவித்து வரி கட்ட வேண்டும். சுங்கத்துறையின் இணையச் செயலியிலேயே முன்கூட்டி அறிவித்துக் கட்டியும் விடலாம்.

வந்து சேர்ந்ததும்

பெட்டியைப் பிரிக்கும்முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பிரித்ததும் முனை, கூர், கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையிலான பொருத்து ஆகிய மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். கூர்ப்பகுதியை விளக்குக்கு நேரே பிடித்துச் சாய்த்தால், உடைந்த இடம் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். குறை இருந்தால் அன்றே விற்பவருக்கும் அனுப்பிய நிறுவனத்துக்கும் படத்தோடு எழுதுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த கட்டுப்பொருள்களையும் புகார் முடியும்வரை தூக்கியெறியாதீர்கள்.

ரசீது, வரி கட்டிய தாள், இறக்குமதி அனுமதியின் பிரதி ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பின்னாளில் அலகைச் சீர்செய்ய அதே பட்டறைக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப வாங்கும்போது, இது புதிதாக வாங்கிய பொருள் இல்லை, இங்கிருந்து போய்த் திரும்பி வருவது என்று காட்ட அந்தத் தாள்கள் தேவைப்படும். அனுப்புவதற்கு முன் அலகில் பொறித்திருக்கும் கொல்லரின் முத்திரையும் பிடியில் இருக்கும் கீறலும் தெரியும்படி இரண்டு படம் எடுத்து, அவற்றையும் அதே கோப்பில் போட்டு வையுங்கள்.